கிரூஷெவிட்சா பால்கனியின் நல்லடக்கம்

கிரூஷெவிட்சா நகராட்சியில் பொதுமக்களின் பாதுகாப்புக்கென்றே தனி அலுவலகம் ஒன்று உண்டு. மூன்றாம் மாடியில், படிக்கட்டின் கைப்பிடி கழன்று தொங்கும் இடத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. அங்கே போகிறவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். அலுவலகத்தார் அதையும் கவனிக்காமல் இல்லை. 'சுவரைத் தொட்டு அழுக்காக்காதீர்கள்' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள்.

கெனாதி அந்தச் சுவரைத் தொட்டுத்தான் ஏறினார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஊர் வாசகசாலையின் தலைவர். தலைவராக வேண்டும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. ஆண்டுக் கூட்டத்தில் புழுக்கம் தாங்காமல், ஜன்னலைத் திறக்கச் சொல்லலாம் என்று கையைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்துத் தலைவர் பதவிக்கு யார் தயார் என்று கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் கைதட்டி எழுந்து போனார்கள், ஜன்னலை யாரும் திறக்கவில்லை.

வாசகசாலை என்றுதான் பெயர். வாசிக்க வருகிறவர்கள் குறைவு. கீழே பெண்களின் பாட்டுக் குழு, மாடியில் சிறுவர்களின் நடன வகுப்பு, மூலையில் சீட்டாடும் கிழவர்கள். குளிர்காலத்தில் ஊரில் கணப்பு எரிகிற பொது இடம் அது ஒன்றே. வாசலுக்கு மேலே ஒரு கான்கிரீட் பால்கனி. பழைய கம்யூனிஸ்ட் காலத்தில் கட்சித் தலைவர்கள் மே தின ஊர்வலத்துக்கு அதில் நின்று கையாட்டுவார்கள். இப்போது அங்கிருந்து கையாட்ட ஆள் இல்லை, காரைதான் உதிர்ந்துகொண்டிருந்தது. போன வாரம் ஒரு கட்டி பாட்டுக் குழுவில் ஒருத்தியின் பைக்குள் விழுந்தது. பக்கத்தில் நடந்து வந்தவள் வெலிக்கா, கெனாதியின் மனைவி. அன்று அவருக்குச் சூப் இறங்கவில்லை.

நகராட்சியிடம் போகாதே என்று சீட்டுக் கிழவர்கள் தலைப்பாடாக அடித்துக்கொண்டார்கள். பக்கத்துத் தெரு நூலகத்தில் குழாய் ஒழுகுகிறது என்று எவனோ புகார் கொடுக்க, வந்து பார்த்துப் பூட்டி முத்திரை வைத்தார்கள். இன்றும் அது பூட்டித்தான் கிடக்கிறது, குழாயும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே பால்கனியைச் சரிசெய்ய வேண்டும், வாசகசாலையை மூடவும் கூடாது. இதை எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே கெனாதி கதவைத் தட்டினார்.

பாதுகாப்பு அலுவலகத் தலைவர் பாருஷெவ் ஒரு இன்ஜினியர். சிரித்த முகம், மெதுவான பேச்சு.

"யாராவது செத்தாங்களா?" என்று பரிவோடு கேட்டார்.

"இல்லீங்க ஐயா."

"கை, கால் ஏதாவது போச்சா?"

"ஒரு பை கிழிஞ்சுது. உள்ள தயிர் இருந்துச்சு."

"தயிர் நம்மகிட்ட வராது. அது உணவுத் துறை." பாருஷெவ் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "தலைவரே, ஆபத்துங்கறது நடந்தாத்தான் ஆபத்து. நடக்கற வரைக்கும் அது ஒரு அபிப்பிராயம். குடிமக்களோட அபிப்பிராயத்த நாங்க ரொம்ப மதிக்கறோம். ஆனா அபிப்பிராயத்துக்கெல்லாம் சிமெண்டு ஒதுக்க முடியுமா, சொல்லுங்க."

"அப்ப என்னங்க செய்யறது?"

"குழுவோட வந்து பாக்கறோம்."

"மூடிட மாட்டீங்களே?"

"வந்து பாத்துட்டுத்தான் சொல்ல முடியும். பொதுவா மூடறதுதான் எங்களுக்குச் சுலபம்."

குழு வரும் நாளில் வெலிக்கா ஒரு பெரிய தட்டு நிறையப் பனிட்சா சுட்டு வைத்தாள். வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் சொட்டச் சொட்ட அடுக்கடுக்காக இருந்தது.

"எதுக்குடி அவங்களுக்கு இவ்வளவு?" என்றார் கெனாதி.

"வாய் நெறஞ்சிருந்தா 'மூடு'ன்னு சொல்ல வராது. நீ பேசாம தட்டத் தூக்கு."

குழுவினர் காரிலிருந்து இறங்கினார்கள், நேராகப் போய்ப் பால்கனிக்குக் கீழே கூடி நின்றார்கள். அண்ணாந்து பார்த்தார்கள். பனிட்சா தின்றார்கள். மறுபடி அண்ணாந்து பார்த்தார்கள். கெனாதி தட்டோடு ஓரமாக நகர்ந்து அவர்களைக் கூப்பிட்டார்.

"ஐயா, கொஞ்சம் இப்படித் தள்ளி வந்துடுங்களேன்."

"தள்ளி நின்னா ஆபத்து இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?" என்று பாருஷெவ் வாயைத் துடைத்துக்கொண்டார். "நின்னு பாக்கணும், தலைவரே. இதுக்குப் பேருதான் கள ஆய்வு."

அவர்கள் நிற்கும் வரை ஒரு தூசுகூட விழவில்லை. பால்கனிக்கும் ஆட்களைத் தெரிந்திருக்கிறது. பிறகு உள்ளே போனார்கள். தீயணைக்கும் சிலிண்டர் யாருடைய காலையாவது தடுக்கும் என்று அதை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னார்கள். முடிவைப் பாருஷெவ் வாசலில் நின்று அறிவித்தார். மூடுவதில்லை. சரிசெய்வதும் இல்லை. எச்சரிக்கைப் பலகை வைக்கப்படும்.

அடுத்த வாரமே பலகை வந்தது. கெட்டி இரும்புப் பலகை, தூக்க நாலு ஆள் வேண்டியிருந்தது. ஏணி போட்டு, டிரில்லால் பால்கனியைத் துளைத்து, போல்ட்டுப் போட்டு அதிலேயே மாட்டினார்கள். துளைக்கும்போதே விரிசல் இன்னும் கொஞ்சம் ஓடியதைக் கெனாதி கண்ணால் பார்த்தார்.

"ஐயா, இத அந்த மரத்துல மாட்டக் கூடாதா?"

"பால்கனியப் பத்தின எச்சரிக்கய மரத்துல மாட்டினா, மரம் ஆபத்துன்னு ஆயிடாதா? அந்த மரத்து மேல எங்களுக்கு ஒரு புகாரும் இல்ல."

பலகையில் மேயர் கராதாலியெவின் பெயரும் பதவியும் பட்டங்களும் பெரிய எழுத்தில் இருந்தன. மிச்சமிருந்த இடத்தில், 'இந்தப் பால்கனியின் கீழ் நிற்காதீர்கள்' என்று பொடியாக எழுதியிருந்தார்கள். அதைப் படிக்க வேண்டுமானால் பால்கனியின் கீழே போய் நிற்க வேண்டும். அதுவரை ஓட்டமாக ஓடி உள்ளே நுழைந்தவர்கள் இப்போது நின்று, கண்ணைச் சுருக்கி, படித்துவிட்டுப் போனார்கள்.

படிக்க முடியவில்லை என்று கெனாதி போய்ச் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம். பலகைக்கு மேலே விளக்கு வந்தது. விளக்கைத் திருடிவிடுவார்கள் என்று கேமரா வந்தது. கேமராவைப் பார்க்க ஆள் வேண்டும் என்று ஷிவ்கோ வந்தான். மேயர் ஞானத்தந்தையாக நின்று ஞானஸ்நானம் கொடுக்கவைத்த பிள்ளை அவன். காவலாளி தன் காவலில் உள்ள பொருளின் அருகிலேயே இருக்க வேண்டும் என்பது விதியாம், ஆகவே அவனுடைய நாற்காலியைப் பால்கனிக்கு நட்டநடுவே கீழே போட்டார்கள். தலைக்கு ஒரு ஹெல்மெட் கொடுத்தார்கள். அவன் அதில் சூரியகாந்தி விதை போட்டுக் கொறித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, தலையில மாட்டிக்கப்பா," என்றார் கெனாதி.

"அப்புறம் வெதய எதுல போடறது, அண்ணே?"

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பாதுகாப்பு வாரம் என்று ஒன்று வந்தது. ஊரை அலங்கரிக்கச் சொல்லி உத்தரவு. லாரியில் சிமெண்டுப் பூந்தொட்டிகள் வந்து இறங்கின, அத்தனையும் பால்கனிக்கு ஏறின. கெனாதி மறுபடியும் சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஓடினார்.

"கனம் தாங்காது ஐயா. கும்புட்டுக் கேக்கறேன், அந்தத் தொட்டிங்கள மட்டுமாவது எறக்கிடுங்க."

பாருஷெவுக்குக் கொஞ்சம் வருத்தமாகிவிட்டது. "தலைவரே, நீங்க எப்பவும் பால்கனியவே பாக்கறீங்க. நாங்க ஜனங்களப் பாக்கறோம். ஊரு பத்திரமா இருக்குன்னு அவங்களுக்குத் தோணணும். தோணிடுச்சுன்னா பாதி வேலை முடிஞ்சுது."

"மீதிப் பாதி?"

"அது எங்க அலுவலகத்து வேலை இல்ல."

விரிசலில் ஒரு சிட்டுக்குருவி கூடு கட்டியிருந்தது. பூந்தொட்டிகள் ஏறிய மறுநாள் குருவியும் வீட்டைக் காலி செய்துவிட்டது. அன்று மாலை வெலிக்கா பாட்டுப் பயிற்சி முடிந்து வீடு திரும்பினாள். தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூள். கெனாதி அவளை உட்காரவைத்துத் துண்டால் தட்டிவிட்டார். எத்தனை வருடம் பனியிலும் மலைப்பாதையிலும் பஸ் ஓட்டியிருக்கிறார், ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. இப்போது சொந்த மனைவியை வாரம் இரண்டு தடவை அந்தக் கல்லுக்குக் கீழே அனுப்பிவிட்டு, அவள் திரும்பும் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

"நாமளே மூடிடலாம், வெலிக்கா."

"மூடிட்டு? குளிர் வந்தாக் கெழவனுங்க எங்க போவானுங்க? புள்ளைங்க எங்க ஆடும்? நாங்க எங்க பாடறது, உன் தலைமாட்டுலயா?"

"விழுந்துடும்டி. உன் மேல விழுந்துடும்."

வெலிக்கா துண்டை வாங்கி மடித்து வைத்தாள். பிறகு, "யோவ், இந்த நகராட்சி உசுரோட இருக்கறவங்களுக்கு எப்பவாவது ஏதாவது செஞ்சு பாத்திருக்கியா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"செத்தவங்களுக்கு?"

கெனாதி யோசித்துப் பார்த்தார். போன மாதம் ஆற்றோரத்தில் ஒண்டிக்கட்டையாகக் கிடந்த கிழவர் இறந்தபோது நகராட்சி வண்டி வந்தது, பாதிரியார் வந்தார், மலர்வளையத்தோடு மேயரே வந்தார். வருகிற இலையுதிர் காலத்தில் தேர்தல். கராதாலியெவ் ஒரு சாவையும் விடுவதில்லை. ஊரில் எங்கெங்கே வாக்குகள் கூட்டமாக நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

"அவ்வளவுதான். நான் அச்சகத்துக்குப் போயிட்டு வரேன்," என்று வெலிக்கா கோட்டை மாட்டினாள்.

எங்கள் ஊரில் செய்தித்தாளைப் படிக்காதவர்கள் உண்டு, இரங்கல் தாளைப் படிக்காதவர் கிடையாது. யாராவது போய்விட்டால் கறுப்பு ஓரம் போட்டு, படம் வைத்து, வீட்டுக் கதவில், மரத்தில், பஸ் நிறுத்தத்தில், ரொட்டிக் கடை வாசலில் ஒட்டுவார்கள். நாற்பதாம் நாள் ஒருமுறை, வருடம் திரும்பினால் ஒருமுறை. காலையில் ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்று படித்துவிட்டுத்தான் ஆட்கள் வீட்டுக்குப் போவார்கள். அன்று காலையும் அப்படித்தான் படித்தார்கள். படத்தில் பால்கனி இருந்தது, பூந்தொட்டிகளோடு.

'ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கிறோம். எங்கள் அன்புக்குரிய வாசகசாலைப் பால்கனி, நெடுநாள் விரிசலை முனகாமல் தாங்கி, நகராட்சியின் இடைவிடாத கவனிப்புக்குப் பின் நம்மை விட்டுப் பிரிந்தது. உற்றார் உறவினர் எவரும் இல்லை. இறுதி மரியாதை வெள்ளிக்கிழமை நண்பகல், வாசகசாலை வாசலில். இப்படிக்கு, துயருறும் பாட்டுக் குழு.'

"உடம்பு இன்னும் மேலயே நிக்குதே," என்றார் கெனாதி பயத்தோடு.

"அதத்தான் நானும் கேக்கப் போறேன். செத்த உடம்ப எத்தன நாள் வாசல்ல வெச்சிருப்பாங்கன்னு."

மேயர் அலுவலகத்தில் இரங்கல் தாள்களை 'ஆழ்ந்த துயரத்துடன்' என்பதற்கு மேல் படிக்கிற வழக்கம் இல்லை. இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு மலர்வளையத்துக்குச் சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஊரே வந்துவிட்டது. எல்லோரும் சாலைக்கு எதிர்ப்பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள், இந்தப் பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை. தூறல் விழுந்துகொண்டிருந்தது. மேயர் காரிலிருந்து இறங்கினார், நனையாத இடம் தேடினார், பால்கனிக்குக் கீழே போய் நின்றார். பாருஷெவ் குடையை மடக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றார். ஷிவ்கோ மரியாதையாக எழுந்து விதைகளை மறைத்தான்.

"அன்பார்ந்த மக்களே," என்று மேயர் தொடங்கினார். "கிட்ட வாங்க, கிட்ட வாங்க." ஒருவரும் அசையவில்லை. துக்கம் அவர்களை அப்படி உறையவைத்துவிட்டது என்று அவர் எடுத்துக்கொண்டார். பிறகுதான் பாருஷெவ் நீட்டிய இரங்கல் தாளைப் பார்த்தார். ஒரு கணம் கண் விரிந்தது. ஆனால் வாய் ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்டது, நிறுத்த அவருக்கும் தெரியவில்லை.

"அவர எனக்குச் சின்ன வயசுலேருந்து தெரியும். யாருக்கும் பாரமா இருந்ததில்ல, எல்லாப் பாரத்தையும் அவரே சுமந்தாரு. நாம பலகைய மாட்டினோம், சுமந்தாரு. விளக்க மாட்டினோம், சுமந்தாரு. பூந்தொட்டிய ஏத்தினோம், வேணாம்னு ஒரு வார்த்த சொன்னாரா? உள்ளுக்குள்ள உடைஞ்சுக்கிட்டே வெளியில பூவோட நின்னாரு. எனக்கு வேண்டியது இப்படிப்பட்ட குடிமக்கள்தான். இந்த ஊரு முழுக்க இப்படி ஆயிடணும்னுதான் நான் ராப்பகலா உழைக்கறேன்."

அவருக்குப் பின்னால் ஒரு கட்டி பொத்தென்று விழுந்தது. கைதட்டல் என்று நினைத்து மேயர் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டார். கூட்டத்தில் "ஐயோ" என்று ஒரு சத்தம் எழும்ப, பேச்சு உருக்கமாகத்தான் போகிறது என்று அவருக்கு உற்சாகம் வந்தது. அடுத்தாற்போல் ஒரு பூந்தொட்டி விழுந்து மலர்வளையத்தின் மேல் நொறுங்கியது. பாருஷெவ் ஏற்கெனவே சாலையைக் கடந்திருந்தார், ஷிவ்கோ அவருக்கும் முன்னால். மேயரும் வந்து சேர்ந்தார். கோட்டில் மண், முகத்தில் ரத்தம் இல்லை.

"துக்கத்துல நான் மக்களோடதான் நிக்கணும்," என்றார் மூச்சிரைக்க.

வெலிக்கா முன்னே வந்தாள். பாட்டுக் குழுவிலேயே உரத்த குரல் அவளுடையது. "மேயரே, இவருக்குச் சொந்தபந்தம் யாரும் இல்ல. அநாதைப் பொணத்த யாரு அடக்கம் பண்றது? நகராட்சிதான? இன்னும் எத்தன நாளு வாசல்ல போட்டு வெப்பீங்க?"

கூட்டம் முணுமுணுத்தது. கராதாலியெவ் கூட்டத்தைப் பார்த்தார், தேர்தலை நினைத்தார், பாருஷெவின் காதருகே குனிந்தார்.

"சரிசெய்ய நம்ம சட்டத்துல வழியே இல்லீங்க," என்று பாருஷெவ் கிசுகிசுத்தார். "ஆனா அடக்கத்துக்கு இருக்கு."

"எங்க ஆட்சியில எந்த அநாதையும் வாசல்ல கெடந்ததில்ல," என்று மேயர் முழங்கினார். இந்த முறை கைதட்டல் நிஜமாகவே கிடைத்தது.

மறுநாள் காலை கிரேன் வந்தது. ஒரு குழுவும் பார்க்கவில்லை, ஒரு அபிப்பிராயமும் கேட்கவில்லை. சாவு வீட்டு வேலை என்றால் நகராட்சிக்கு அவ்வளவு வேகம். பால்கனியைப் பலகை, விளக்கு, கேமராவோடு சேர்த்து அறுத்து இறக்கி, லாரியில் ஏற்றி, கல்லறைத் தோட்டத்தில் அநாதைகளுக்கான மூலைக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். பாதிரியார் கொஞ்சம் தயங்கினார், மேயர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தீர்த்தம் தெளித்தார். பாட்டுக் குழு பாடியது. சர்க்கரை தூவிய அவித்த கோதுமையை எல்லோரும் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டார்கள், ரக்கியா என்கிற பழச் சாராயத்தில் ஒரு சொட்டை மண்ணில் விட்டு மிச்சத்தைக் குடித்தார்கள். ஷிவ்கோவைக் கல்லறைக்குக் காவல் போட்டார்கள். அடுத்த பயிற்சி நாளன்று வெலிக்கா திறந்த வானத்துக்குக் கீழே நிதானமாக நடந்து வாசலில் நுழைவதைக் கெனாதி எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தார். பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார்.

அழுகை நின்ற பிறகுதான் மேலே பார்த்தார். பால்கனி போய்விட்டது, அதற்குப் போகிற கதவு மாடியில் அப்படியே இருந்தது. நடன வகுப்பு அறையில், தாழ்ப்பாள் சரியில்லாத கண்ணாடிக் கதவு. திறந்தால் ஒன்றும் இல்லை, நேரே கீழே சாலைதான். கெனாதி படிகளைத் தாவி ஏறினார், வெலிக்காவைக் கூப்பிட்டார், இருவருமாக அறையின் மூலையில் கிடந்த பழைய பியானோவைத் தள்ளிக்கொண்டுபோய்க் கதவை மறைத்து நிறுத்தினார்கள்.

அந்த வாரமே, அடக்கம் முறைப்படி நடந்ததா என்று சான்று கொடுக்கக் குழு வந்தது. பனிட்சாவும் இருந்தது. பாருஷெவ் மாடி ஏறி அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"இந்தப் பியானோவுக்குப் பின்னால என்ன, தலைவரே?"

உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று கெனாதிக்குத் தெரியும். கதவில் ஒரு பலகை தொங்கும். அதைப் படிக்கச் சிறுவர்கள் ஒவ்வொருவராகக் கதவருகே போவார்கள். இல்லாவிட்டால் வாசகசாலைக்கு முத்திரை.

"சுவருங்க," என்றார்.

பாருஷெவ் பியானோவை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். ஒரு கட்டையை அழுத்திக் கேட்டார். "சுவர் திருப்திகரமான நிலையில் உள்ளது," என்று உரக்கச் சொல்ல, கூட வந்தவர் அறிக்கையில் எழுதிக்கொண்டார். எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

"பொய் சொல்லத் தெரியாத மனுசன்னுல்ல உன்னக் கட்டிக்கிட்டேன்," என்று வெலிக்கா சிரித்தாள். "கண்ண இமைக்கல நீ. அடுத்த மேயரு நீதான்யா."

கெனாதிக்குச் சிரிப்பு வரவில்லை. பியானோவுக்கு முன்னால் சிறுவர்கள் கைகோத்து, தரை அதிர அதிர ஆடினார்கள். ஒவ்வொரு அதிர்வுக்கும் பியானோவின் சக்கரம் கொஞ்சம் நகர்கிற மாதிரி அவருக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, செங்கல்லும் சிமெண்டும் கொண்டுவந்து இறக்கினார். பியானோவை நகர்த்தினார்கள். கதவைக் கழற்றினார்கள். வெலிக்கா பாடிக்கொண்டே கல் எடுத்துக் கொடுக்க, அவர் வரிசை வரிசையாக அடுக்கிப் பூசினார். சாயங்காலம் ஆனதும் கையைக் கழுவிவிட்டு வந்து சுவரை இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பார்த்தார். அசையவில்லை.

கிரூஷெவிட்சா நகராட்சியின் ஆய்வறிக்கைகளில் உண்மையான வாக்கியம் இன்றுவரை 'சுவர் திருப்திகரமான நிலையில் உள்ளது' என்பது ஒன்றுதான்.